நீ அடியால் ஆளானவன் இல்லை

மகனுக்கு,

விளாங்குடியிலிருந்து அம்மா எழுதுகிறேன். வழக்கமாக இன்லண்ட் லெட்டரில் மூட்டுவலியையும் மழையையும் பற்றி நாலு வரி எழுதி ஒட்டிவிடுவேன். இது அதற்குள் அடங்காது. பள்ளிக்கூடத்தில் மிஞ்சிய பரீட்சைத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு அப்புறம் படி. ஆனால் கடைசிவரை படித்துவிடு.

போன மாதம் தல்லாகுளத்து மண்டபத்தில் உன் சித்தப்பா மகள் கல்யாணப் பந்தியில் நீ எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தாய். உன் பக்கத்தில் என் பேத்தி கவிதா. ஐந்து வயதுப் பிள்ளை. கை பட்டுப் பாயச டம்ளர் சாய்ந்து உன் வேட்டியில் ஊற்றிவிட்டது. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலது கை இலையில் இருக்க, இடது கையால் அவள் கன்னத்தில் விட்டாய். மேளச் சத்தத்தையும் மீறி எனக்கு அது கேட்டது. பிள்ளை அழவில்லை. வாயில் இருந்த சோற்றை விழுங்காமலும் துப்பாமலும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் மாமா மகன், சின்னப் பிள்ளையை ஏன் மாப்ள என்று கேட்டதற்கு நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்.

"அடிச்சு வளத்தாத்தான் மாப்ள புள்ள. எங்கம்மா அடிச்ச அடிதான் இன்னைக்கு என்னைய திருச்சியில சூப்பர்வைசரா உக்கார வச்சிருக்கு. எட்டாப்புல ஒரு நாள் வாங்குனேன் பாரு, அதோட திருந்துனவன் நான். வேணும்னா அவுகளையே கேளு."

சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். பெருமைப்படுகிற தாய் சிரிக்கிற மாதிரிதான் சிரித்தேன். கவிதாவும் என்னைப் பார்த்தாள். அவள் பார்க்கும்போதும் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். கை கழுவ எழுந்து போனவள், குழாயடியில் நின்று தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று உன் மனைவியிடம் சொன்னேன். அது பொய்.

எட்டாம் வகுப்பில் அன்றைக்கு நடந்ததை நீ தப்பாக நினைவு வைத்திருக்கிறாய். அதற்கு நீ காரணம் இல்லை. பாதியை நான்தான் உன்னிடம் சொல்லாமல் மறைத்தேன். பிள்ளை வளர்ப்பதைப் பற்றி உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. முப்பது வருஷமாக வாத்தியார் வேலை பார்க்கிறேன், ஊரார் பிள்ளைகளைப் பற்றி யார் கேட்டாலும் புத்தி சொல்வேன். உனக்குச் சொல்ல என்னிடம் இருப்பது நான் செய்த தப்புகள்தான். அதை வரிசையாகச் சொல்கிறேன். உனக்கு நினைவு தொடங்குவதற்கு முந்திய நாட்களிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

உன் இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு இருக்கிறது. தவழும்போது வாசற்படியில் உருண்டு விழுந்தாய் என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம். நீ விழவில்லை. அப்போது உனக்கு எட்டு மாதம். உன் அப்பா ராமநாதபுரத்தில் ரிஜிஸ்திரார் ஆபீஸில் வேலை பார்த்தார். சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்விடுவார். அப்போது விளாங்குடியில் எங்கள் வீட்டுக்கு அந்தப் பக்கம் வயல்தான். எனக்கு இருபத்துமூன்று வயது. ஒரு மத்தியானம், காலையில் ஆரம்பித்த அழுகையை நீ நிறுத்தவே இல்லை. ஓமத்தண்ணீர் கொடுத்தேன், வயிற்றில் விளக்கெண்ணெய் தடவினேன், தூக்கிக்கொண்டு நடந்தேன். ஒன்றுக்கும் அடங்கவில்லை. தொட்டிலில் போட்டு ஆட்டினேன். ஆட்ட ஆட்ட என் கை வேகமாகிக்கொண்டே போனது. அது தாலாட்டுகிற வேகம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் ஆட்டினேன். சேலைத் தொட்டில் சுவர் வரைக்கும் போய் ஜன்னல் கட்டையில் மோதியது. தேங்காய் விழுந்த மாதிரி ஒரு சத்தம். அதோடு உன் அழுகை நின்றது.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அழுகை நின்ற அந்த ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்புறம்தான் சேலையில் ரத்தம் ஊறுவதைப் பார்த்தேன். உன்னை அள்ளிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, திண்டுக்கல் பக்கமிருந்து வந்த லாரியைக் கை காட்டி நிறுத்தி ஏறினேன். ஆஸ்பத்திரியில் மூன்று தையல் போட்டார்கள். டாக்டரிடம் வாசற்படி என்று சொன்னேன். சனிக்கிழமை உன் அப்பாவிடமும் அதையே சொன்னேன். குழந்தை யாரையும் எதிர்த்து அழுவதில்லை, அதற்கு அழுகையைத் தவிர வேறு பேச்சு இல்லை. இது எனக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தால் போதும். நாளைக்கு உனக்கு இன்னொரு பிள்ளை பிறந்து, அது ஓயாமல் அழுது, உன் கை சூடாவது உனக்கே தெரிந்தால், அதைத் தரையில் பாயில் போட்டுவிட்டு வெளியே போய் நில். கால்மணி நேரம் அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் கால்மணி நேரம் உனக்குத்தான் வேண்டும். பக்கத்து வீட்டில் யாராவது இருந்தால் கூப்பிடு. முடியவில்லை என்று சொல்வது கேவலம் என்று நினைத்து நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஐந்து வயதிலும் நீ படுக்கையை நனைத்தாய். தினமும் காலையில் பாயைக் கழுவிப் போட்டுவிட்டு நான் பஸ் பிடிக்க ஓட வேண்டும். ஒரு சூடு வைத்தால் மறுநாளிலிருந்து நின்றுவிடும் என்று தெருவில் ஒரு அம்மா சொன்னார். நான் படித்தவள், அதை நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு காலை, ஸ்டவ்வில் தோசைத் திருப்பியைக் காய வைத்தேன். நீ பக்கத்தில் நின்று, தோசையா அம்மா என்று கேட்டாய். உன் டவுசரை இறக்கி, தொடையில் வைத்து அழுத்தினேன். எடுக்கும்போது தோல் கூடவே வந்தது. அந்த வாடை எனக்கு இன்னும் மறக்கவில்லை. கருவாடு சுடுகிற வீட்டைக் கடக்கும்போது இப்போதும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். நீ கத்திய கத்தலில் தெருவே வந்து வாசலில் நின்றது. யாரும் உள்ளே வரவில்லை. பெற்றவள் கண்டிக்கிறாள், அதில் அடுத்தவருக்கு என்ன வேலை என்று கலைந்து போனார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் நீ நொண்டிக்கொண்டே வந்து என் மடியில்தான் படுத்தாய். வேறு யாரிடம் போவாய்? வீட்டில் நான் ஒருத்திதானே. நான் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டேன். பார், அடித்த கையைத்தான் பிள்ளை தேடி வருகிறது, அதற்கு ஒன்றும் மனத்தில் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடிக்கிற பெற்றவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்லிக்கொள்கிறோம். கவிதாவும் கல்யாணத்தன்று மத்தியானம் உன் தோளில்தான் தூங்கினாள். அதை வைத்து நீ எதையும் முடிவு செய்துவிடாதே. சூட்டுக்குப் படுக்கையும் நிற்கவில்லை. ஒன்பது வயதுவரை நனைத்தாய். ஒன்றே ஒன்று மாறியது. நனைந்த டவுசரை விறகுக்கு அடியில் ஒளித்து வைக்கப் பழகினாய். நீ என்னிடம் சொன்ன முதல் பொய் அது. அதை நான்தான் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

நானும் உன்னை மாதிரியே பேசித் திரிந்தவள்தான். செக்கானூரணிப் பக்கம் எங்கள் அப்பா விவசாயம் பார்த்த சம்சாரி. மாட்டை ஓட்டுகிற சாட்டையாலேயே எங்களையும் அடிப்பார். எங்கள் வகையறாவில் டிரெய்னிங் முடித்து வேலைக்குப் போன முதல் பெண் நான். எங்கப்பா சாட்டைதான் என்னை டீச்சராக்கியது என்று ஸ்டாஃப் ரூமில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் தெரியுமா? அதே சாட்டையால் அடி வாங்கிய என் தம்பி பதினாலு வயதில் வீட்டை விட்டு ஓடிப்போனான். இன்றுவரை ஒரு கார்டு வரவில்லை. இருக்கிறானா இல்லையா என்று தெரியாது. அடி வாங்கினால் ஆளாகிவிடலாம் என்று பந்தியில் உட்கார்ந்து பேச நானும் நீயும் இருக்கிறோம். அவன் எந்தப் பந்தியில் இருக்கிறான் என்று யாரும் தேடுவதில்லை.

ஐந்தாம் வகுப்புவரை நீ என் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாய். கண்டிப்பான டீச்சர் என்று எனக்குப் பேர். கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் டீச்சர் என்று சொல்லிப் பிள்ளையைச் சேர்த்துவிட்டுப் போவார்கள். சொந்தப் பிள்ளை என்று சலுகை காட்டுகிறாள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது என்பதற்காக உனக்கு மட்டும் இரட்டிப்பு. மற்ற பிள்ளைகளுக்குக் கையில் பிரம்பு. உனக்கு உள்ளங்கையை விரித்துக் காதோடு சேர்த்து அறைவேன். நீ தள்ளாடுவாய். உதடு கோணும். அப்போது நான் சொல்வது உனக்கு மறந்திருக்காது. "அழுகாத. அழுதா இன்னும் விழும்." ஆறு வயதுக்கு மேல் நீ என் முன்னால் அழுததே இல்லை. அதையும் நான் வளர்ப்பு என்றே நினைத்தேன்.

உன் அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் உன்மேல் கை வைத்ததில்லை. சனிக்கிழமைகளில் நான் உன்னை அடிக்க ஆரம்பித்தால் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது கடலை மிட்டாய் கொண்டுவந்து உன் கையில் கொடுப்பார். அடிக்கு நான், மிட்டாய்க்கு அவர். சாகிற வருஷம், படுக்கையில் கிடந்தபடி ஒரு நாள் சொன்னார். "நீ அடிச்சது கூடப் பெருசு இல்லம்மா. நான் ஒரு தடவையாச்சும் ஒன் கையப் பிடிச்சிருக்கணும். மிட்டாய் வாங்கப் போயிட்டேன்." உன் மனைவியை நான் பந்தியில் பார்த்தேன். நீ அடித்ததும் அவள் குனிந்து, ஒன்றும் நடக்காதது போல இலையில் அப்பளத்தை நொறுக்கினாள். அவளிடம் இந்த இடத்தை மட்டுமாவது படித்துக் காட்டு.

இப்போது எட்டாம் வகுப்புக்கு வருகிறேன். அப்போது நீ தல்லாகுளத்தில் ஹைஸ்கூலில் படித்தாய். நாம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய்க் கோரிப்பாளையத்தில் இறங்கி நடப்போம். உன் பெஞ்சில் உட்கார்ந்தவன் காஜா. கோரிப்பாளையத்தில் அவன் அத்தா தையல் கடை வைத்திருந்தார். உன்னைவிட ஒரு சாண் குள்ளம். மத்தியானச் சாப்பாட்டில் பாதியை உனக்காக எடுத்து வைப்பான். ஒரு வெள்ளிக்கிழமை உன் காம்பஸை வாங்கி முள்ளை வளைத்துவிட்டான். அதைக் கொண்டு வீட்டுக்கு வந்தால் என்னிடம் என்ன கிடைக்கும் என்று உனக்குத் தெரியும். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் அவனை வைகை மணலுக்கு இழுத்துக்கொண்டு போனாய். மல்லாக்கத் தள்ளி, நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையாலும் மாறி மாறிக் காதில் அறைந்தாய். எத்தனை அறை என்று யாரும் எண்ணவில்லை. துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து உன் இடுப்பைப் பிடித்துத் தூக்கிய பிறகும் உன் கை காற்றில் அறைந்துகொண்டே இருந்ததாம். வீட்டுக்கு வந்து, விளையாடும்போது விழுந்துவிட்டேன் என்று என்னிடம் சொன்னாய். உன் சட்டையில் இருந்த ரத்தத்தை உன் ரத்தம் என்றே நினைத்து நான் துவைத்தேன்.

மறுநாள் காலையில் காஜாவின் அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு விளாங்குடிக்கு வந்தார். விடிகாலை பஸ்ஸில் வந்திருந்த உன் அப்பாவும் வீட்டில் இருந்தார். காஜாவின் இரண்டு காதிலும் பஞ்சு. இடது காதுப் பஞ்சு பழுப்பாக ஊறியிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்து வீங்கி ஒரு பக்கமே மூடிக் கிடந்தது. அவர் சத்தம் போடவில்லை. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்.

"டீச்சர், ஒங்க மகன் எம்புள்ளைய மணல்ல போட்டு அடிச்சிருக்கான். அடிக்கைல, அழுகாத, அழுதா இன்னும் விழும்னு சொல்லிச் சொல்லி அடிச்சானாம். பதிமூணு வயசுப் புள்ள பேசுற பேச்சா டீச்சர் இது?"

எனக்கு உன்மேல் வந்தது கோபம் இல்லை. என் பேச்சு உன் வாய் வழியாக ஊர் சுற்றித் திரும்பி என் வாசலுக்கே வந்துவிட்ட பயம். ஆனால் எனக்குப் பயத்தையும் கோபமாகத்தான் காட்டத் தெரியும். உள்ளே ஓடி உன் தலைமயிரைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தேன். பள்ளிக்கூடத்துப் பிரம்பு கைக்கு வந்தது. முதுகு, தோள், முழங்கை, பிடரி என்று பார்க்கவில்லை. நீ ஒரு சத்தமும் போடவில்லை, என்னையே பார்த்தாய். அந்தப் பார்வை என்னை இன்னும் அடிக்க வைத்தது. உன் முதுகில் சட்டை கிழிந்து, கோடு கோடாக ரத்தம் பொடித்தது. பிரம்பு நுனி பிளந்துவிட்டது. அப்போது வேறு பக்கமிருந்து ஒரு அலறல் கேட்டது. காஜா. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, சுவரோடு ஒட்டிக் குந்தி, அவனையே நான் அடிப்பது மாதிரி அலறிக்கொண்டிருந்தான். கால்சட்டை நனைந்து தரையில் ஈரம் ஓடியது.

காஜாவின் அம்மா வந்து பிரம்பைப் பிடித்தார். அவர் பிடித்த அந்தக் கணத்தில் நீ என் பிடியிலிருந்து நழுவிக் கொல்லைப் பக்கம் ஓடிவிட்டாய். அதனால் அதற்குமேல் நடந்தது உனக்குத் தெரியாது. அவர் என் முகத்துக்கு நேராக நின்று சொன்னது இதுதான்.

"கம்பக் கீழ போடுங்க. எம்புள்ளைக்காக ஒங்க புள்ளைய அடிக்கச் சொல்லி நான் வரல டீச்சர். இதை எங்கேருந்து படிச்சான்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன். இப்பத் தெரிஞ்சு போச்சு."

உன் அப்பா தண்ணீர் கொண்டுவந்தார். காஜாவின் அம்மா வாங்கவில்லை. மகனைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார். அன்றைக்கு நீ திருந்தினாய் என்கிறாயே, அன்றைக்குத் திருத்தப்பட்டவள் நான். நீ கொல்லையில் விறகுக் குவியலுக்குப் பின்னால் வெயில் தாழும்வரை உட்கார்ந்திருந்தாய். நான் வந்து தேங்காய் எண்ணெய் தடவினேன். எதற்காக அடித்தேன் என்றும் சொல்லவில்லை, எதற்காக நிறுத்தினேன் என்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் உன்மேல் நான் கை வைத்ததில்லை. ஏன் என்று நீ கேட்டதும் இல்லை. உன் கணக்கில், அந்தப் பெரிய அடியோடு நீ ஒழுங்காகிவிட்டாய், அதனால் அம்மாவுக்கு அடிக்கத் தேவை இல்லாமல் போயிற்று. உண்மை அதற்கு நேர் எதிர்.

நான் அடிப்பதை நிறுத்தியதும் நீ நல்ல பிள்ளையாகிவிடவில்லை. மோசமானாய். அடுத்த மாதம் அரிக்கேன் விளக்குச் சிம்னியைக் கை தவறி உடைத்தாய். நான் ஒன்றும் செய்யவில்லை. அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டை உடைத்தாய், கை தவறி இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே போட்டு உடைத்தாய். என்றைக்கு அடி விழும் என்று தெரியாமல் காத்திருப்பதைவிட இன்றைக்கே வாங்கிவிடலாம் என்று நினைத்தாயோ என்னவோ. எனக்கு அடிக்க வேண்டும் போல இருக்கும். கொல்லைக்குப் போய் ஈரத் துணியை எடுத்துத் துவைகல்லில் அறைவேன். ஒரு நாள் வேகத்தில் கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டில் இறங்கிவிட்டது. ரத்தத்தோடு உள்ளே வந்து உன்னிடம் சொன்னேன்: "எனக்கு ஒம்மேல அம்புட்டுக் கோவமா இருக்கு. செத்த நேரம் எங்கிட்ட வராத. சரியானப்புறம் நானே கூப்புடுறேன்." கோபத்தைக் கையால் இல்லாமல் வாயால் நான் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நீ பயந்துபோய்த் துணியைக் கொண்டுவந்து என் கையில் கட்டினாய்.

அடிக்காமல் இருப்பது மட்டும் வளர்ப்பு ஆகிவிடாது, இதையும் சொல்லிவிடுகிறேன். அடியை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதையாவது வைக்க வேண்டும். எனக்கு எதை வைப்பதென்று தெரியவில்லை. தட்டுத் தடுமாறிக் கற்றேன். உடைத்ததை உன்னையே கூட்டி அள்ளச் சொன்னேன். சொன்னதைச் செய்யாவிட்டால், செய்யும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என்ன தப்பு என்று உன்னிடமே கேட்டேன். பாதி நாள் நீ பதில் சொல்ல மாட்டாய். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், நான் கேட்காமலே, டெஸ்டில் பன்னிரண்டு மார்க் என்று நீயாக வந்து சொன்னாய். விறகுக்கு அடியில் ஒளிக்கவில்லை. எனக்கு அந்தப் பன்னிரண்டு மார்க் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்று உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் நீ பெயிலானாய். நம்பர் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரவில்லை. நான் பஸ் ஸ்டாப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். என் தம்பி நினைவுதான். ஐந்து மணிக்கு வந்தாய். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டாய். சுவரைப் பிடித்துக்கொண்டு முதுகைத் திருப்பி நின்றாய். உனக்குப் பதினேழு வயது, என்னைவிட ஒரு தலை உயரம். நான் அடித்து நாலு வருஷம் ஆகியிருந்தது. உன் முதுகுக்கு மட்டும் அது தெரியவில்லை. அந்தப் பழைய கோடுகளை அன்றைக்குத்தான் வெளிச்சத்தில் முழுசாகப் பார்த்தேன். சட்டையை எடுத்து உன் தோளில் போட்டு, மத்தியானம் சாப்பிட்டாயா என்று கேட்டேன். நீ அழுதாய். பதினோரு வருஷத்து அழுகையை ஒன்றாக அழுதாய். நான் நிறுத்தச் சொல்லவில்லை. அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அக்டோபரில் பாஸ் செய்தாய், பாலிடெக்னிக் போனாய், திருச்சிக்குப் போனாய். உன்னைச் சூப்பர்வைசராக உட்கார வைத்தது எது என்று யாராவது கேட்டால், அந்தச் சாயங்காலங்களைச் சொல். பிரம்பைச் சொல்லாதே. தோளுக்கு உயர்ந்தால் தோழன் என்கிறார்கள். தோளுக்கு வருகிற அன்றைக்குத் திடீரென்று தோழனாக முடியாது மகனே. தொட்டிலில் கிடக்கும்போதே தொடங்க வேண்டும். நான் பதிமூன்று வருஷம் தாமதமாகத் தொடங்கினேன்.

தொட்டிலுக்கும், சூட்டுக்கும், காதில் விழுந்த அறைகளுக்கும், அந்தப் பிரம்புக்கும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீ பெரிய மனிதன் ஆன பிறகு நேரில் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் கடிதத்தில் கேட்கிறேன். கவிதாவிடம் நீ இன்றைக்கே கேள். ஐந்து வயதுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் அப்பனுக்கு மரியாதை குறையாது. எனக்கு இருபத்தொன்பது வருஷம் ஆனது. உனக்கு ஒரு மாதம்தான் ஆகியிருக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி. இதுதான் கஷ்டமானது. உன்னைப் பிரம்பால் அடித்த மறுதிங்கட்கிழமை உன் அப்பா லீவு போட்டார், நானும் அவரும் காஜாவை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தோம். சவ்வு கிழிந்து, சீழ் வைத்து, மூன்று மாதம் வைத்தியம் பார்த்தும் இடது காது போய்விட்டது. அவனைத் திண்டுக்கல்லில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் உன்னிடம், அவர்கள் ஊர் மாறிப் போய்விட்டார்கள், காயமெல்லாம் ஆறிவிட்டது என்று சொன்னேன். நீ தெரிந்துகொண்டால் உடைந்து போவாய் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அது பாதிதான் உண்மை. காதில் அறைய யார் சொல்லிக் கொடுத்தது என்று நீ கேட்டுவிடுவாயோ என்று பயந்தேன்.

காஜா ஊர் திரும்பி ஆறு வருஷம் ஆகிறது. அவன் அத்தாவின் தையல் கடையை அவன்தான் நடத்துகிறான். தினமும் பஸ் அந்தக் கடையைத் தாண்டும்போது நான் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். கல்யாணம் முடிந்த மறுவாரம் இறங்கிப் போனேன். உடனே அடையாளம் கண்டுகொண்டான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, வலது காதைத் திருப்பிக்கொண்டு கேட்டான், டீ குடிக்கிறீர்களா டீச்சர் என்று. நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு அவன் காது போனது தெரியாது என்று சொன்ன இடத்தில் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டான்.

"அவனுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்க வரலையேன்னுல்ல டீச்சர் இம்புட்டு வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். அடிச்சதுகூட எனக்கு மறந்து போச்சு. அதுதான் மறக்கல."

உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, உன் சிநேகிதனிடம் உன்னை ஈரமில்லாதவனாக்கி வைத்திருந்தேன். இதையும் நான் உனக்குச் செய்ததில் சேர்த்துக்கொள்.

தீபாவளிக்கு நீ வரும்போது நேராக விளாங்குடிக்கு வராதே. கோரிப்பாளையத்தில் இறங்கு. மத்தியானத்தில் கடையில் கூட்டம் இருக்காது. அவனுக்கு வலது பக்கமாகப் போய் உட்கார். சத்தமாகப் பேச வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்து பேசினால் அவனுக்கு நன்றாகக் கேட்கிறது.

அம்மா